நோய் விசாரிக்கப் போகும் பையில் என்ன இருக்கிறது?



ஒரு மாதமாக நாம் இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. "சேர் எங்க, ஆளக் காணல்ல?" என்று சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். வேறொன்றுமில்லை. வாப்பாவின் வலது கால் விரலில் வந்த ஒரு சின்னப் புண், செருப்புக் கடித்தது என்று நாம் நினைத்த புண், பெரிதாகி ஆஸ்பத்திரியில் 17 நாள். கடைசியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. வாப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். "ஒரு விரல் போனா என்ன மனே, நெகம் வெட்டுற வேல குறைஞ்சிது" என்கிறார். அவர் அப்படித்தான்.

பகலில் தம்பி நின்றான். இரவில் நாம். வாட்டில் துணைக்கு நிற்பவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மின்விசிறியின் கால்வாசிக் காற்று, அவ்வளவுதான். போனில் சார்ஜ் 10 மணிக்கே முடிந்துவிடும். வாசிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால், வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியில் இருந்த பெக்கட்டுகளையும் போத்தல்களையும் வாசிக்கத் தொடங்கினோம். 25 வருசமாகப் பிள்ளைகளுக்கு வாசிப்பின் பயனைச் சொல்லிக் கொடுக்கும் நாம், வீட்டுக்கு வரும் ஒரு பெக்கட்டின் பின்பக்கத்தை முழுதாக வாசித்தது அன்றுதான்.

முதலில் அந்த அலுமாரியில் இருந்ததைச் சொல்லிவிடுகிறோம். வாப்பாவைப் பார்க்க வந்தவர்கள் மூன்று நாளில் கொண்டு வந்தவை: மோல்ட் போத்தல் 4, குளுக்கோஸ் பிஸ்கட் 6, மாரி பிஸ்கட் 3, கிரீம் கிறேக்கர் 2, தோடம்பழப் படம் போட்ட குளிர்பானம் பெரிய போத்தல் 2, ஸ்ட்ரோபெரி பால் பெக்கட் ஒரு டசின். மருந்து மாற்ற வந்த நேர்ஸ் மிஸ் சிங்களமும் தமிழும் கலந்து கேட்டார்: "சேர், இது வாட்டா, கடையா?" கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் என்ன வருத்தம் என்று எழுதியிருந்தது. சீனி வருத்தம்.

சீனி வருத்தத்தில் கால் புண்ணாகிப் படுத்திருக்கும் மனிதனைப் பார்க்க, ஊரே அன்போடு சீனி கொண்டு வந்திருந்தது.

வந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாமும் அப்படித்தான் போயிருக்கிறோம். யாருக்காவது சுகமில்லை என்றால், ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் உள்ள கடையில் ஆட்டோவை நிறுத்தி, "ஒரு மோல்ட், ரெண்டு பிஸ்கட் போடுங்க" என்போம். கடைக்காரரும் என்ன வருத்தம் என்று கேட்க மாட்டார். குழந்தை பிறந்தாலும் அதுதான், கை முறிந்தாலும் அதுதான், ஹஜ்ஜுக்குப் போய் வந்தாலும் அதுதான். வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை என்று நமக்கு யார் சொன்னது? உம்மா சொன்னா. அதற்குள் எந்தப் போத்தலை வைக்க வேண்டும் என்று சொன்னது யார்? டீவி.

அந்த விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் ஒரு கப் குடிக்கிறான். அடுத்த காட்சியில் பந்து மைதானத்துக்கு வெளியே போகிறது. ஒரு உம்மா கவலையோடு நிற்கிறா, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வருகிறார், உம்மாவின் கவலை தீர்கிறது. அவர் டொக்டர் என்று விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை. கோட்டு மட்டும்தான் சொல்கிறது. நம்முடைய பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அப்படி மூன்று கோட்டு தொங்குகிறது.

வாட்டில் இருந்து வந்த பிறகு இதன் பழைய கதையைத் தேடிப் பார்த்தோம். ஹோர்லிக் என்ற இரு சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய் 1873இல் மோல்ட் மா செய்யத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்றுதான் அப்போது விற்றார்கள். ஆக, "நோயாளிக்கு மோல்ட்" என்பது நம் மூத்தம்மாமார் கண்டுபிடித்தது அல்ல, 150 வருச வியாபாரம். அதை விடச் சுவையான செய்தி, 1930களில் பிரித்தானியாவில் அதை விற்பதற்கு "இரவுப் பட்டினி" என்று ஒரு வருத்தத்தையே விளம்பரத்தில் உண்டாக்கினார்கள். தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்கிறதாம், அதனால்தான் காலையில் களைப்பாம், படுக்க முன் ஒரு கப் குடிக்க வேண்டுமாம். முதலில் மருந்து, பிறகு அதற்கு ஏற்ற வருத்தம். நோன்பு பிடிக்கிற சமுதாயத்துக்குப் பட்டினி என்றால் என்னவென்று தெரியும். ஆனாலும் படுக்க முன் ஒரு கப் என்ற பழக்கம் நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறதே.

இங்கேதான் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதாமல் மற்றதை எழுதுவது நேர்மையில்லை.

வாட்டில் இரண்டாம் நாள் டொக்டர் கேட்டார்: "தேத்தண்ணிக்கு சீனி போடுறாரா?" "இல்ல டொக்டர், ரெண்டு வருசமா சீனியில்லாத பிளேன்டீ" என்றோம் பெருமையோடு. "சோறு?" "ஒரு நேரம்தான், அதும் சிவப்பரிசி." "ராவைக்கு என்ன குடிப்பார்?" நாம் வாயைத் திறந்தோம், மூடினோம். இரவில் ஒரு கப் மோல்ட். மூன்று மேசைக்கரண்டி. வாப்பா மெலிந்து போகிறார், வயசாளிக்குச் சத்து வேண்டும் என்று இரண்டு வருசமாக நம் கையாலேயே கரைத்துக் கொடுத்தது. தேத்தண்ணியில் கரண்டி கரண்டியாகக் கணக்குப் பார்த்த நாம், அந்தக் கப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏனென்றால் அது நமக்குச் சீனியாகத் தெரியவில்லை, சத்தாகத் தெரிந்தது. டொக்டர் நல்ல மனிதர். "இதால மட்டும்தான் வந்தது என்று இல்ல சேர். வயசு இருக்கு, கால் மரத்தது இருக்கு, செருப்பு இருக்கு. ஆனா இதையும் நிப்பாட்டுங்க" என்றார். வாப்பா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம்பியிடம், "காக்காவ ஏசாத, எனக்கு அது ருசியா இருந்திச்சு" என்றாராம்.

அதனால் அந்த இரவுகளில் வாசித்ததை உங்களுக்கும் சொல்வது நம் கடமை.

எந்த உணவுப் பெக்கட்டிலும் சேர்மானங்களின் வரிசை சும்மா எழுதப்படுவதில்லை. நிறையில் எது கூடவோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில். இது விதி. ஆகவே பெக்கட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் முதல் மூன்று பெயரைப் பாருங்கள். அலுமாரியில் இருந்த தோடம்பழப் போத்தலின் முன்பக்கத்தில் பாதி வெட்டிய தோடம்பழம், தண்ணீர் சொட்டச் சொட்ட. பின்பக்கத்தில் முதலில் தண்ணீர், இரண்டாவது சீனி. தோடம்பழம் எங்கே என்று தேடினோம். "சுவையூட்டி" என்ற பெயரில் கடைசிக்குக் கிட்ட நின்றது. கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவர் வாசலில் நிற்பது போல.

அடுத்தது நிற வட்டம். 2016 ஓகஸ்ட் முதல் நம் நாட்டில் குளிர்பானங்களுக்கு இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. பிறகு திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் வந்தது. வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்துச் செய்த யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஆட்கள் மஞ்சள் விளக்கைக் கண்டால் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுகிறவர்கள். அதையும் யோசித்திருக்கலாம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானமும் மஞ்சள்தான். 200 மில்லிலீற்றர் பெக்கட் ஒன்றைப் பிள்ளை குடித்தால் 20 கிராம், அதாவது சுமார் 5 தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது பெரிய ஆளுக்கு. பிள்ளை இடைவேளைக்கு முன்னாலேயே அந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட முடித்துவிடுகிறது.

இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. பெக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டில் யாருக்காவது இருக்கிறது என்றால் அது நமக்குத்தான். ஹலால் முத்திரை இருக்கிறதா என்று தரம் 1 பிள்ளையும் தேடும். 2013இல் அந்த முத்திரையைச் சுற்றி எழுந்த புயலில் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு கவனமாகத் தேடும் கண், முத்திரையைக் கண்டதும் திருப்தியோடு பெக்கட்டை மறுபடி திருப்பிவிடுகிறது. முத்திரைக்கு இரண்டு அங்குலம் தள்ளி சிவப்பு வட்டம் நிற்கும், அதைப் பார்ப்பதில்லை. திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது. நல்லது, தூய்மையானது என்று உலமாக்கள் விளக்குவார்கள். நாம் முதல் சொல்லை முத்திரையில் தேடுகிறோம். இரண்டாவது சொல்லுக்கு முத்திரை இல்லை, அதைக் கொஞ்சம் மூளையால் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாம் கவலையாகவே வாசிக்கவில்லை. ஒரு இரவு வாப்பாவுக்கும் தூக்கம் வரவில்லை. கிரீம் கிறேக்கர் பெக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மனே, அறுவது வருசமா இதத் திங்கிறன். இதில கிரீம் எங்க?" என்றார். நியாயமான கேள்வி. தேடிப் பார்த்ததில், கிரீம் என்பது உள்ளே வைப்பது அல்லவாம், மாவையும் கொழுப்பையும் சேர்த்துப் பிசையும் முறையைக் குறிக்கிற பேராம். அயர்லாந்தில் 1885இல் தொடங்கிய பிஸ்கட். மேலே உள்ள துளைகள் அழகுக்கு அல்ல, வேகும்போது ஆவி வெளியேறவும் பிஸ்கட் உப்பிப் போகாமல் இருக்கவும். மாரி பிஸ்கட் இன்னும் வேடிக்கை. 1874இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் மரியா, விக்டோரியா மகாராணியின் மகனைக் கல்யாணம் முடித்தபோது, லண்டன் பிஸ்கட் கொம்பனி ஒன்று அவ பெயரில் போட்ட பிஸ்கட் அது. இதைச் சொன்னதும் வாப்பா அலுமாரியைப் பார்த்து, "ரஷ்யா ராசாத்தி மூணு பேர் நம்மளப் பார்க்க வந்திரிக்காங்க, நீ கதிரயும் குடுக்கல்ல" என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அவருக்கும் சீனி வருத்தம், அவரிடமும் இரண்டு ராசாத்திகள்.

அடுத்தது அந்த நாலு போத்தல்களை என்ன செய்வது என்ற பிரச்சினை. வீட்டுக்காரி ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தவ, ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தா. மூடியில் ஒரு நசுங்கல், லேபல் ஓரத்தில் நீலப் பேனாவால் ஒரு சின்னக் கீறல். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பிள்ளைப்பெறு வீட்டுக்கு நாம் கொண்டு போன போத்தல் அது. எங்களுக்கே யாரோ தந்தது, விலையை மறைக்க அவதான் கீறினது. அங்கிருந்து எத்தனை வீடு போனதோ, எத்தனை வருத்தக்காரரைப் பார்த்ததோ, கடைசியில் வாப்பாவைப் பார்க்க வந்துவிட்டது. ஊரில் நம்மை விட அதிகம் நோய் விசாரித்த போத்தல். திறக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. 2022இல் 400 கிராம் பால்மா 1000 ரூபாயைத் தாண்டி, அதற்கும் வரிசையில் நின்ற நாட்களில் கூட இந்தப் பழக்கத்தை நாம் விடவில்லை என்பதை யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. கடன் வாங்கி மோல்ட் வாங்கினவர்களை நமக்குத் தெரியும்.

பாடசாலைக்குத் திரும்பியதும் தரம் 9க்குத் தமிழ்ப் பாடம், விளம்பரம் எழுதுதல். நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டோம். முதலில் ஒரு கதை சொன்னோம். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் கெம்பல் சூப் விளம்பரத்துக்குப் படம் எடுத்தபோது, மரக்கறித் துண்டுகள் கோப்பையின் அடிக்குப் போய்விடுவதால், அடியில் கண்ணாடிப் போளைகளைப் போட்டுத் துண்டுகளை மேலே நிற்க வைத்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதைப் பிடித்துக்கொண்டது. "சேர், போளையத் திண்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்து முடிந்ததும் விளம்பரம் எழுதச் சொன்னோம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: இன்றே வாங்குங்கள், முந்துங்கள், உலகத்தரம், வைத்தியர்கள் பரிந்துரைப்பது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விட டீவியை நன்றாகப் படித்திருந்தார்கள்.

அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதச் சொன்னோம். உங்கள் வீட்டில் செய்கிற ஒரு பொருளுக்கு விளம்பரம். ஒரு பொய்யும் இருக்கக் கூடாது. வகுப்பு அமைதியாகிவிட்டது. பத்து நிமிசம் யாரும் பேனையை எடுக்கவில்லை. பொய் இல்லாமல் எழுதுவது அவ்வளவு கஷ்டமான வேலை.

ஒரு பிள்ளை எழுதியதை அவளிடம் கேட்டே இங்கே போடுகிறோம்: "எங்கட உம்மாட இடியப்பம். சிவப்பரிசி மா, வீட்டுத் தேங்காய்ச் சம்பல். காலை 5.30க்கு ஆயத்தம். 7 மணிக்குப் பிறகு வந்தால் ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை இல்லை, உம்மாக்குக் கை நோவு."

25 வருசத்தில் நாம் புள்ளி போட்ட விளம்பரங்களில் முழுப் புள்ளி கொடுத்தது இதற்குத்தான்.

இன்னொரு பையனின் வாப்பாவுக்குப் பேக்கரி. அவன் எழுந்து, "சேர், பாண்ட நிறையும் எழுதணுமா?" என்று கேட்டான். சில பிள்ளைகள் குனிந்து சிரித்தார்கள். இறாத்தல் பாண் என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோம். ஓர் இறாத்தல் கிட்டத்தட்ட 450 கிராம், அந்தக் கணக்கில் வந்த பேர். 2024 தொடக்கத்தில் பாணின் நிறை 450 கிராம் என்று அரசாங்கம் திரும்பவும் சட்டமாக அறிவிக்க வேண்டி வந்ததே, பேர் இருந்தது, இறாத்தல் இல்லை என்பதால்தான். அளவில் குறைப்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் தனியாக ஒரு அத்தியாயமே உண்டு என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறார்கள். நாம் அதைச் சொல்லவில்லை. "உனக்கு உண்மை என்று தெரிந்ததை மட்டும் எழுது" என்றோம். "அப்ப வாப்பாட்ட கேட்டுட்டு எழுதுறன்" என்று கொப்பியை மூடினான்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வந்து நின்றான். "சேர், 450 கிராம் என்டு எழுதலாமாம்." கொஞ்சம் நிறுத்தி, "இண்டையிலருந்து" என்றான்.

இதற்கு மேல் அந்த வீட்டுக் கதையை நாம் கேட்கவும் இல்லை, எழுதவும் போவதில்லை. அந்த வாப்பாவுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். மகனுக்கு முன்னால் பொய் சொல்லாமல் தராசைத் திருத்திய மனிதர், நம்மை விட நல்ல ஆசிரியர்.

இப்போது முக்கியமான விசயம். இந்த 17 நாளில் நமக்கு உண்மையில் உதவியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ராத்தா, குரக்கன் புட்டும் மீன் ஆணமும் இரண்டு நாள் அனுப்பினா, என்ன வருத்தம் என்று கேட்டு விட்டு. நம்மோடு படிப்பிக்கும் ஒருவர், விரலை அழுத்தாத அகலச் செருப்பு ஒரு சோடி வாங்கி வந்தார். ஆட்டோ ஓட்டும் மச்சான் ஒருவர் மூன்று தடவை காசு வாங்கவில்லை. ஒருவர் வெறுங்கையோடு வந்தார். வெட்கத்தோடு வாசலில் நின்றார். பிறகு, "சேர், இண்டைக்கு ராவைக்கு நான் நிக்கிறன், நீங்க போய்ப் படுங்க" என்றார். அந்த ஒரு இரவுத் தூக்கத்துக்கு நிகரான போத்தல் எந்தக் கடையிலும் இல்லை.

ஆகவே நோய் விசாரிக்கப் போக முன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவோம்: என்ன வருத்தம், என்ன தேவை? பெட்சீட்டா, தண்ணிப் போத்தலா, போனுக்கு ரீலோட்டா, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடா, ஒரு இரவு துணையா? கேட்பதில் வெட்கமில்லை. நோய் விசாரிப்பது சுன்னத். மோல்ட் கொண்டு போவது சுன்னத் என்று எந்தக் கிதாபிலும் நாம் காணவில்லை.

வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள். பார்க்க வருபவர்கள் தாராளமாக வாருங்கள், அவருக்குப் பேச ஆள் வேண்டும், ராசாத்திக் கதையை இன்னும் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டுமாம். வெறுங்கையோடு வாருங்கள். வருபவர்களுக்கு அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் இடியப்பம் வாங்கி வைத்திருப்போம்.

வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள். உம்மாக்குக் கை நோவு.